டோனர் கல்லீரல்: புதுச்சேரியில் எடுத்து சென்னை சேரும் வரை சேதத்தைக் குறைப்பது எப்படி?

கெடிலக்கரை:

வணக்கம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கல்லீரல் எடுக்கும் அறுவைக்குப் புதுச்சேரியில் ஓ.டி. (அறுவை அரங்கு) தயார் செய்ய வேண்டும். பெறுபவர் சென்னையில் இருக்கிறார். அறுவைக் குழு அங்கிருந்து வரும். ப்ரிசர்வேஷன் கரைசலும் (உறுப்பைக் கழுவிக் குளிரில் காக்கும் திரவம்) அவர்கள் கையோடு வந்துவிடும். ஐஸ், ஸ்லஷ் (கூழாகக் குழைத்த சலைன் ஐஸ்), சலைன், பேசின், சக்‌ஷன் எல்லாம் உள்ளூர் ஓ.டி. நர்ஸ்கள் பொறுப்பு. கையேட்டில் "உறுப்பை 4 டிகிரியில் வைக்கவும்" என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை.

ஸ்லஷ் எப்படி, எவ்வளவு தயார் செய்ய வேண்டும்? வெளிப்பெட்டிக்குக் கடலூர் துறைமுகத்து ஐஸ் கட்டியை உடைத்துப் போடலாமா? யூ.டபிள்யூ. கரைசலுக்கும் எச்.டி.கே. கரைசலுக்கும் ஓ.டி. ஏற்பாட்டில் என்ன வித்தியாசம்? எனக்கு முக்கியமாகப் புரிய வேண்டியது ஒன்று உண்டு. இவ்வளவு குளிரில் வைத்தும், பெறுபவரின் ரத்தம் கல்லீரலுக்குள் ஏறிய பிறகு ஏ.எஸ்.டி. (கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதி) ஆயிரக்கணக்கில் ஏறுவது ஏன்? சேதம் பெட்டியில் நடக்கிறதா, ரத்தம் ஏறும்போது நடக்கிறதா? அது தெரிந்தால்தான் எந்த வேலையில் கூடுதல் கவனம் வேண்டும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லித்தர முடியும்.

வேதபுரி:

சிஸ்டர், கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். சேதத்துக்கான சரக்கு பெட்டியில் சேர்கிறது, ரத்தம் ஏறும்போது வெடிக்கிறது.

உறுப்பு 4 டிகிரிக்கு வந்தால் செல்லின் வளர்சிதை மாற்றம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கும். நின்றுபோகாது. ஆக்சிஜன் வராத நிலையில் ஏ.டி.பி. (செல்லின் எரிபொருள்) மெல்லக் கரையும். சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஏ.டி.பி.யில்தான் ஓடுகிறது, குளிரும் அதை முடக்குகிறது. அதனால் சோடியமும் தண்ணீரும் உள்ளே வந்து செல் வீங்கும். அதே நேரத்தில் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற இடைப்பொருள் குவிகிறது. பெறுபவரின் உடலில் போர்ட்டல் வெயினின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரை) கிளாம்பை எடுத்ததும் ஆக்சிஜன் வரும், குவிந்த சக்சினேட் ஒரே மூச்சில் எரியும், எலக்ட்ரான்கள் காம்ப்ளெக்ஸ் 1 என்ற புரதத் தொகுதி வழியாகத் தலைகீழாகப் பாயும். அங்கே பிறக்கும் ஆக்சிஜன் ரேடிக்கல்கள்தான் முதல் அடி. அதன்பின் கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் குஃப்ஃபர் செல்கள் விழித்து அழற்சியைக் கிளப்பும், நியூட்ரோஃபில்கள் வந்து ஒட்டும்.

குளிர் முதலில் அடிப்பது கல்லீரல் செல்லை அல்ல, சைனுசாய்டுகள் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் எண்டோதீலியல் செல்களை. அவை உருண்டு, சுவரிலிருந்து கழன்று நிற்கும். ரத்தம் வந்ததும் பிளேட்லெட்டுகள் அங்கே படிந்து நுண்ணோட்டம் தடைபடும். வெதுவெதுப்பான நிலையில் ரத்தமின்றிக் கிடந்தால் அடி நேரே கல்லீரல் செல்லுக்கு. குளிரில் போகும் ஒரு மணி நேரமும், பெறுபவரின் வயிற்றில் தையல் போடும்போது சூடேறியபடி போகும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. பின்னது பல மடங்கு கொடியது.

இப்போது டோனர் பக்கம். அயோர்ட்டாவில் (பெருந்தமனி) கிளாம்ப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவதற்குச் சுமார் 3 நிமிடம் முன் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), கிலோவுக்கு 300 யூனிட். கரைசல் விடக் கீழ் அயோர்ட்டாவில் ஒரு கேனுலா (குழாய்), இன்ஃபீரியர் மெசென்டெரிக் வெயின் வழியாகப் போர்ட்டலுக்கு இன்னொன்று. கிளாம்ப் விழும் அதே நொடியில் வீனா கேவா (இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரை) திறந்திருக்க வேண்டும். ஓ.டி. நர்ஸ் கையில் உள்ள மிகப் பெரிய விஷயம் இதுதான். இரண்டு பெரிய சக்‌ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் காலியான மாற்று ஜாடி. திறக்கத் தாமதமானாலோ சக்‌ஷன் நிரம்பி நின்றுபோனாலோ, உள்ளே போகும் கரைசலுக்கு வெளியேற வழியில்லை. கல்லீரல் விளிம்பு மழுங்கி, விறைத்து உப்பிவிடும். அப்படி உப்பிய கல்லீரலைப் பின்னால் எவ்வளவு நல்ல ஐஸில் வைத்தாலும் எண்டோதீலியம் திரும்பாது.

ஃப்ளஷ் (கரைசலால் கழுவுவது) சரியாகப் போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மெரூன் நிறம் சீராக வெளுத்து, ஓரளவு மரக்கலருக்கு வரும். தொட்டால் மென்மை, வெளியேறும் நீர் தெளிவு. ஓர் ஓரத்தில் கருஞ்சிவப்புத் திட்டு மட்டும் மாறாமல் நின்றால் காரணம் தேட வேண்டும். போர்ட்டல் கேனுலாவை அதிக ஆழம் தள்ளி அதன் நுனி வலது கிளைக்குள் புகுந்துவிட்டால் இடது மடல் கழுவப்படாது. சற்று வெளியே இழுத்தாலே சரியாகிவிடும். அயோர்ட்டா கேனுலாவின் நுனி சீலியாக் தமனியைத் தாண்டி மேலே போயிருந்தால் கல்லீரல் தமனிக்குக் கரைசலே போகாது. கல்லீரல் திசு போர்ட்டல் வழியாக வெளுத்துவிடும், பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் பித்தநாளங்களைச் சுற்றியுள்ள நுண்குழாய்களுக்குத் தமனி ஒன்றே கதி. அவற்றில் ரத்தம் உறைந்து நின்றால், சில மாதங்கள் கழித்துப் பித்தநாளம் பல இடங்களில் சுருங்கி, நோயாளி மஞ்சள்காமாலையோடு திரும்பி வருவார்.

அதே காரணத்துக்காகப் பித்தத்தையும் கழுவியாக வேண்டும். பித்தப்பையின் நுனியைத் திறந்து சலைனால் தெளிவாகும் வரை, பிறகு வெட்டிய பித்தநாளத்துக்குள் மெல்லிய குழாய் வைத்து, அழுத்தாமல், குளிர்ந்த சலைனோ கரைசலோ 50 மில்லி அளவில். சோப்பு போலக் கொழுப்பைக் கரைக்கும் பித்த அமிலங்கள் நாளத்துக்குள் பல மணி நேரம் தேங்கினால் அதன் உட்சவ்வைக் கரைத்துவிடும். கிளாம்புக்கு முன்பே பித்தப்பையைக் கழுவிவிடுவது என் கணக்கில் சிறந்தது. கிளாம்புக்குப் பிறகு எல்லோருக்கும் அவசரம், அது மறந்துபோகும்.

வேதபுரி:

ஸ்லஷ், பெட்டி பற்றித் தனியாக எழுதுகிறேன், மேலே நீண்டுவிட்டது.

500 மில்லி பிளாஸ்டிக் சலைன் பாட்டில்களை முந்தைய நாளே டீப் ஃப்ரீசரில் வைத்தால்தான் கைக்கு வரும். குறைந்தது 10, கூடவே அதே எண்ணிக்கையில் உறையாத, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த சலைன். கண்ணாடி பாட்டில் உறையும்போது வெடிக்கும், அதை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி, மர மேலட்டால் வெளியிலிருந்து அடித்து நொறுக்குங்கள். சர்க்குலேட்டிங் நர்ஸ் வாயை வெட்டிக் கொட்ட, ஸ்க்ரப் நர்ஸ் ஸ்டெரைல் பேசினில் வாங்கிக்கொள்வார். பாட்டிலின் வெளிப்புறம் ஸ்டெரைல் அல்ல, பேசின் விளிம்பில் படக் கூடாது.

கட்டி கட்டியாக இருந்தால் அதை அப்படியே வயிற்றில் போட விடாதீர்கள். இரண்டு காரணம். ஃப்ரீசரிலிருந்து வந்த கட்டி மைனஸ் 20-ல் இருக்கும். அது கல்லீரல் மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடத்துத் திசு உறையும். உறைந்த திசு பிறகு செத்த திட்டாகத் தெரியும். இரண்டாவது, கூர்முனை கல்லீரலின் மேலுறையான கேப்ஸ்யூலைக் கீறும். குளிர்ந்த சலைனை ஊற்றி, ஜிகர்தண்டாவில் போடும் ஐஸ் பதத்துக்குக் குழைத்த பிறகு 0-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது பயமில்லை.

பேக் டேபிளில் (எடுத்த உறுப்பை வைத்துப் பார்க்கும் தனி மேசை) ஒரு பெரிய ஸ்டெரைல் பேசினில் ஸ்லஷ், அதற்குள் சிறிய பேசினில் குளிர்ந்த கரைசல், கல்லீரல் அதில் மூழ்கி இருக்க வேண்டும். தமனியை ஆராயக் கல்லீரலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும்போது வெப்பம் ஏறுகிறது. ஸ்லஷ் கரையக் கரையப் புதிதாகச் சேர்க்க ஒருவர் நிற்கட்டும்.

மூன்று பை. முதல் பையில் கல்லீரல், அது முழுதும் மூழ்கும் அளவு ப்ரிசர்வேஷன் கரைசல் (வழக்கமாக ஒரு லிட்டர்). காற்றை முழுக்கப் பிழிந்து வெளியேற்றி, டேப்பால் இறுக்கிக் கட்ட வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் அந்த இடம் கரைசலைத் தொடாது, குளிரும் சரியாகப் போகாது. இரண்டாம் பையில் குளிர்ந்த சலைன் ஒரு லிட்டர், கொஞ்சம் ஸ்லஷ் சேர்க்கலாம். மூன்றாவது பை உலர்ந்தது. முடிச்சுகள் மூன்றும் தனித்தனி, எல்லாம் மேல் நோக்கி. பிறகுதான் ஐஸ் பெட்டி.

வெளிப்பெட்டிக்குத் துறைமுகத்து ஐஸ் தாராளமாகப் போதும். அது உறுப்பைத் தொடுவதில்லை, மூன்று பைகளுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: உப்பு கலக்காத ஐஸாக இருக்க வேண்டும். மீனுக்கு உப்பு தூவிய ஐஸ் 0-க்கும் கீழே பல டிகிரி இறங்கும், பைக்குள் இருக்கும் கரைசலே உறைய ஆரம்பிக்கும். கல்லீரலும் கரைசலும் மைனஸ் அரை டிகிரி வாக்கிலேயே உறையக்கூடியவை, ஓரம் மிகக் குறைவு. 40 லிட்டர் பெட்டிக்குச் சுமார் 15 கிலோ கணக்கு வையுங்கள். அடியில் ஒரு ஜாண் படுகை, சுற்றிலும், மேலேயும். உருகும் நீரை வழியில் கொட்ட வேண்டாம். ஐஸும் நீரும் சேர்ந்திருக்கும் வரை பெட்டி 0-விலேயே நிற்கும். முடிச்சுகள் நீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும்.

சோலைநகர்:

ஒரு சந்தேகம் டாக்டர். சாதாரண ஐஸ் கிடைக்காத அவசரத்தில் ட்ரை ஐஸ் அல்லது தடுப்பூசிக்கு வரும் ஜெல் பேக்குகளைப் பயன்படுத்தலாமா? நீண்ட நேரம் நிற்கும் என்று சொல்கிறார்கள்.

வேதபுரி:

ட்ரை ஐஸ் கூடவே கூடாது. அது மைனஸ் 78 டிகிரி, பை சுவரோடு சேர்த்துக் கல்லீரலையும் உறைய வைத்துவிடும். ஜெல் பேக்கும் ஃப்ரீசரிலிருந்து நேராக வந்தால் மைனஸ் 20-தான். மேற்பரப்பில் நீர்த்துளி வரும் வரை வெளியே வைத்தால் பரவாயில்லை, ஆனால் சாதாரண ஐஸ் கிடைக்கும் ஊரில் அந்தத் தொந்தரவே தேவையில்லை. உருகும் ஐஸ் தன் வெப்பத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், அதைவிட நம்பகமான கருவி பெட்டிக்குள் இல்லை.

அரியாங்குப்பம்:

கரைசல் கேள்விக்கு நான் சொல்கிறேன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் உருவாக்கிய யூ.டபிள்யூ. 1987 வாக்கில் கல்லீரலுக்கு வந்தது. அதற்கு முன் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடித்தாக வேண்டிய நெருக்கடி. அதிலுள்ள லாக்டோபயோனேட்டும் (லிட்டருக்கு 100 மில்லிமோல்) ராஃபினோஸும் (30) பெரிய மூலக்கூறுகள், செல்லுக்குள் நுழையாது. வெளியே நின்று தண்ணீரை இழுத்துப் பிடித்து வீக்கத்தைத் தடுக்கும். குளூட்டதயோனும் அலோபூரினாலும் ரேடிக்கல்களைக் குறைக்க, அடினோசின் ஏ.டி.பி. திரும்ப உருவாக மூலப்பொருளாக. பொட்டாசியம் சுமார் 125, சோடியம் 25 முதல் 30. செல்லுக்குள் உள்ள விகிதம் போலவே தலைகீழ். ஸ்டார்ச் கலந்திருப்பதால் பிசுபிசுப்பு அதிகம், சிவப்பணுக்களைத் திரள வைக்கும் குணமும் உண்டு. அதனால் ரத்தம் முழுக்கக் கழுவிப்போவது முக்கியம்.

எச்.டி.கே.யின் வழி வேறு. ஹிஸ்டிடின் 180-க்கு மேல், அமிலம் சேர்வதை அதுதான் தாங்குகிறது. பொட்டாசியம் 9 அளவில்தான், தண்ணீர் போல் ஓடும். ஆனால் ஹிஸ்டிடின் திசுவுக்குள் பரவி வேலை செய்ய நேரமும் அளவும் வேண்டும். யூ.டபிள்யூ. மொத்தம் 4, 5 லிட்டரில் முடியும் இடத்தில் எச்.டி.கே. 8 முதல் 10 லிட்டர் வரை போகும். ஓ.டி. ஏற்பாட்டில் வித்தியாசம் இங்கேதான்: இரண்டு மடங்கு பைகள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், இரண்டு மடங்கு திரவம் வெளியே வரும், சக்‌ஷன் ஜாடிகளும் இரண்டு மடங்கு. எச்.டி.கே.யை யூ.டபிள்யூ. அளவிலேயே நிறுத்தி "நிறம் வெளுத்துவிட்டதே" என்று கிளாம்ப் கட்டுவதுதான் நடக்கக்கூடிய தவறு. வெளுத்தது ரத்தம் போனதற்கு அடையாளம், தாங்கல் திசுவுக்குள் பரவியதற்கு அல்ல.

எது நல்லது என்று சண்டை போடுவதைவிட, கணக்குப் போடுங்கள். குளிர் நேரம் எட்டு மணிக்குள் முடிகிற, நல்ல நிலையிலுள்ள கல்லீரலுக்கு இரண்டுமே போதுமான அளவு பாதுகாக்கும். 2015-ல் வந்த ஐரோப்பியக் கல்லீரல் மாற்றுப் பதிவேட்டின் ஆய்வில் எச்.டி.கே. பயன்படுத்திய கல்லீரல்களின் ஆயுள் குறைவாகவே இருந்தது. அமெரிக்கத் தரவிலும் நீண்ட குளிர் நேரத்தில் அந்த வித்தியாசம் பெரிதானது. கொழுப்பு மிகுந்த கல்லீரல், வயதான டோனர், நீண்ட பயணம் என்றால் என் ஓட்டு யூ.டபிள்யூ.வுக்கு.

பையிலிருந்து வரும் கரைசலை வடிகட்டி உள்ள செட் வழியாகவே விடுங்கள். யூ.டபிள்யூ.வில் நுண்படிகங்கள் இருக்கக்கூடும்.

மரக்காணம்_ரோடு:

நேரக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் "சென்னை மூன்று மணி நேரம்தானே" என்று சொல்வது பழகிப்போயிருக்கிறது. குளிர் நேரம் கார் கிளம்பும்போது தொடங்குவதில்லை. கிளாம்ப் விழுந்த நிமிடத்தில் தொடங்குகிறது. கல்லீரலை எடுக்க 45 நிமிடம், பேக் டேபிள், பை கட்ட 30. கோரிமேட்டிலிருந்து திண்டிவனம் வழியோ, மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையோ, கிரீன் காரிடார் (போலீஸ் ஒழுங்குபடுத்தும் தடையற்ற வழி) கிடைத்தால் இரண்டரை மணி, கிடைக்காவிட்டால் மூன்றரை. அங்கே பெஞ்ச் வேலை (பொருத்துமுன் மேசையில் கல்லீரலைத் தயார் செய்வது) ஒரு மணி நேரத்துக்கு மேல். பெறுபவரின் பழைய கல்லீரல் வயிற்றில் ஒட்டிக்கொண்டு எடுக்க முடியாமல் நின்றால் இன்னும் ஒன்றோ இரண்டோ. கூட்டிப் பார்த்தால் ஐந்திலிருந்து எட்டு மணி. கடலூரில் டோனர் என்றால் மேலும் அரை மணி, முக்கால் மணி. பன்னிரண்டு வரை தாங்கும் என்று பாடப்புத்தகம் சொன்னாலும் எட்டைத் தாண்டும்போதே எண்டோதீலியத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே கிளாம்ப் நேரத்தைத் தீர்மானிப்பவர் டோனர் பக்கம் மட்டும் அல்ல. கல்லீரலைக் கண்ணால் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று உறுதியானதும் சென்னைக்கு ஃபோன். அதன்பின் அங்கே கத்தி. கிளாம்ப் போட்டதும் இரண்டாவது ஃபோன், நேரத்தோடு. இந்த இரண்டு அழைப்புகள் தவறினால் எந்தக் கரைசலும் ஈடுகட்டாது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக உப்பு விஷயத்துக்கு. இரண்டு துணைக் கேள்விகள். யூ.டபிள்யூ.வில் பொட்டாசியம் 125 என்றால் அது பெறுபவரின் இதயத்துக்குப் போகாதா? அடுத்து, டோனர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

மரக்காணம்_ரோடு:

போகும், அதனால்தான் கழுவுகிறோம். கல்லீரலுக்குள் தங்கும் சில நூறு மில்லி கரைசல் கிளாம்ப் எடுத்ததும் நேரே வலது ஏட்ரியத்துக்கு வரும். மேலுள்ள கேவா தையல் முடிந்ததும், போர்ட்டலில் கேனுலா வைத்து 5 சதவீத ஆல்புமினோ ரிங்கர் லாக்டேட்டோ அரை முதல் ஒரு லிட்டர் விட்டு, கீழ் கேவா வழியாக வெளியேற்றிவிட வேண்டும். அதோடு அமிலமும் காற்றுக் குமிழும் போகும். எச்.டி.கே.யில் பொட்டாசியம் குறைவு என்பதால் இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. காற்றுக்காகவாவது கொஞ்சம் கழுவுவது நல்லது என்பேன்.

மயக்கவியல் பக்கத்தில் கிளாம்ப் எடுக்குமுன் பொட்டாசியத்தை 4-க்குக் கீழே கொண்டுவந்து, கால்சியம், சோடாபைகார்ப், நீர்த்த அட்ரினலின் (மில்லிக்கு 10 மைக்ரோகிராம்) சிரிஞ்சில் தயார். முதல் 5 நிமிடத்துக்குள் சராசரி ரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கி ஒரு நிமிடமாவது நின்றால் அதற்குப் போஸ்ட் ரீபெர்ஃப்யூஷன் சிண்ட்ரோம் என்று பெயர். போர்ட்டல் கிளாம்பை மெல்ல மெல்லத் திறந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

தையல் போடும்போது கல்லீரல் உடம்பின் சூட்டில் கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குளிர்ந்த துணியால் சுற்றி, ஐஸ் சலைனைச் சொட்டுச் சொட்டாக மேலே விட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் தேவை. 45 நிமிடத்தைத் தாண்டினால் கவலைப்படலாம்.

முத்தியால்பேட்டை_ஐசியூ:

ஐ.சி.யூ.வில் முதலில் பார்க்க வேண்டியது சோடியம். மூளைச்சாவில் டயாபெட்டிஸ் இன்சிபிடஸ் (உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோன் நின்றுபோவது) வந்து மணிக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் சிறுநீர் போகும், சோடியம் 160, 170 என்று ஏறும். அந்தச் சூழலுக்குப் பழகிய கல்லீரல் செல் உள்ளே தண்ணீரை இழுக்கும் கரைபொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும். சோடியம் 138 உள்ள பெறுபவரின் ரத்தம் பட்டதும் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கும். பெட்டி, கரைசல் எதுவும் இதைத் தடுக்காது. 155-க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. டெஸ்மோப்ரெசின் 1 முதல் 4 மைக்ரோகிராம் ஐ.வி., அல்லது வாசோப்ரெசின் இன்ஃப்யூஷன். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், ரைல்ஸ் ட்யூப் வழியாக வெறும் தண்ணீர். சர்க்கரையை 180-க்குள் பிடிக்க இன்சுலின். மணிக்கு ஒரு முறை சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீர் அளவு எழுதி வையுங்கள்.

நம் சட்டப்படி மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனைகள் (தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா சோதனையும் சேர்த்து) குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. இரண்டாம் சோதனைக்குப் பிறகு குடும்பத்தார் ஒப்புதல், குழு பயணம் என்று இன்னும் சில மணி நேரம் போகும். அந்த நேரம் வீணாகக் கூடாது. சராசரி அழுத்தம் 65-க்கு மேல், முடிந்த அளவு குறைந்த நோர்அட்ரினலினில். மெத்தில்ப்ரெட்னிசலோன் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உடல் வெப்பம் 35-க்கு மேல், ஏ.சி.யைக் குறைத்துப் போர்வையோ வார்மரோ போடுங்கள். உணவை நிறுத்திவிடாதீர்கள், கிளைக்கோஜன் வற்றிய கல்லீரல் குளிரைத் தாங்காது.

கொழுப்பு பற்றி அரியாங்குப்பம் சொன்னது சரி. பெரிய துளிக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் யோசிப்பார்கள், 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். கண்ணால் பார்த்து விளிம்பு மழுங்கி, மஞ்சளாக இருக்கிறது என்று முடிவெடுப்பதில் பிழை வரும். சந்தேகம் இருந்தால், திசுத் துண்டை உறைய வைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் பார்க்க நோயியல் நிபுணர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், இரவில் ஆள் தேட முடியாது.

தேவனாம்பட்டினம்:

எடுத்த கல்லீரலுக்குள் திரவத்தை ஓட்டிக் காக்கும் மெஷின் பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன், நம் பக்கம் பரவலாக வரும் காலத்துக்கு இப்போதே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டு வகை. ஒன்று, கல்லீரலைச் சென்னை வரை ஐஸிலேயே கொண்டுபோய், அங்கே பெஞ்ச் முடித்தபின் 8 முதல் 12 டிகிரியில், ஆக்சிஜன் ஏற்றிய செல்லற்ற கரைசலைப் போர்ட்டல் வழியாக (சில மையங்களில் தமனி வழியாகவும்) ஒன்று, இரண்டு மணி நேரம் ஓட்டுவது. ஹோப் என்று சொல்கிறோம். வேதபுரி டாக்டர் சொன்ன சக்சினேட் இந்தக் குளிரில் மெல்ல எரிந்து தீர்ந்துவிடுகிறது, ஏ.டி.பி. திரும்புகிறது. ரத்தம் வரும்போது வெடிக்க வெடிமருந்து மிச்சமில்லை. 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த டச்சுக் குழுவின் ஆய்வில், இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களில் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. நம் ஊரில் டோனர்கள் பெரும்பாலும் மூளைச்சாவு வகை என்பதால் அதே எண்ணை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் வழி அதே.

போர்ட்டல் அழுத்தம் 3 முதல் 5 மி.மீ. பாதரசம்தான். இதைத் தாண்டினால் காக்க வந்த எண்டோதீலியத்தையே பிய்த்துவிடும். குழாயில் காற்றுக் குமிழ், கேனுலா மடிந்துபோவது, கேவாவில் வெளியேற்றம் அடைபடுவது, இவை மூன்றும் அடிக்கடி வரும் கோளாறு.

மற்றொன்று 37 டிகிரியில், சிவப்பணுக்களும் ஊட்டமும் இன்சுலினும் ஹெப்பாரினும் கலந்து ஓட்டுவது. கல்லீரல் வேலை செய்கிறதா என்று வெளியிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பர்மிங்காம் குழு பயன்படுத்திய அளவுகோல்: நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் 2.5-க்குக் கீழே வர வேண்டும், கூடவே பித்தம் சுரப்பது, பி.எச். 7.3-க்கு மேல் நிற்பது, தமனி ஓட்டம் நிமிடத்துக்கு 150 மில்லி, போர்ட்டல் 500 மில்லி போன்றவற்றில் குறைந்தது இரண்டு. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட 31 கல்லீரல்களில் 22-ஐ இப்படிப் பரிசோதித்துப் பொருத்தினார்கள். 2018-ல் வந்த 220 பேர் ஆய்வில் நொதி ஏற்றம் பாதியானது, ஒதுக்கப்படும் கல்லீரலும் பாதியானது.

ஆனால் இரண்டுக்கும் இடையில் ஓர் அடிப்படை வித்தியாசம். குளிர் மெஷின் நின்றுபோனால் கல்லீரல் வெறும் ஐஸ் நிலைக்குத்தான் திரும்பும், நேரம் கிடைக்கும். 37 டிகிரி மெஷின் நின்றுபோனால் அந்த நிமிடமே வெப்ப இஸ்கீமியா (சூடான நிலையில் ரத்தமின்றிக் கிடப்பது) தொடங்கும். சாலையில் கொண்டுபோக நினைப்பவர்கள் பேட்டரி, மாற்றுப் பம்ப், பயிற்சி பெற்ற ஆள், ஃப்ளஷ் செய்ய உடனே எடுக்கும்படி குளிர்ந்த கரைசல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பணம் மட்டும் போதாது. மெஷின் ஒரு மையத்தில் வந்தால் ஹோப் மெஷினையே முதலில் கேட்பேன்.

கெடிலக்கரை:

தெளிவாகிவிட்டது. கடைசியாக, பெட்டியோடு என்னென்ன காகிதம், என்னென்ன பொருள் போக வேண்டும்?

வேதபுரி:

டோனரின் இலியாக் (இடுப்புப் பகுதி) தமனியும் வெயினும், அதே கரைசலில் தனிப் பாட்டிலில், அதே பெட்டியில். பெறுபவரின் தமனி கிழிந்தாலோ போர்ட்டல் அடைந்திருந்தாலோ அதுதான் உயிர் காக்கும். மேல் பை மேல் நீரில் அழியாத மார்க்கரில் டோனரின் ரத்தவகை, உறுப்பு, கிளாம்ப் நேரம். காகிதத்தில் ஹெப்பாரின் கொடுத்த நேரம், எந்தக் கரைசல், அயோர்ட்டா வழி எத்தனை லிட்டர், போர்ட்டல் வழி எத்தனை, பேக் டேபிளில் எத்தனை, பித்தநாளம் கழுவியதா, தமனி அமைப்பில் மாறுபாடு ஏதும் உண்டா (வலது தமனி சுப்பீரியர் மெசென்டெரிக்கிலிருந்து கிளம்புவது அடிக்கடி வரும், அங்கே பெஞ்சில் வெட்டிவிடாமல் இருக்க இது தேவை), கடைசி சோடியம், பயாப்ஸி எடுத்திருந்தால் அதன் முடிவு. டோனரின் ரத்த மாதிரியும் நிணக்கணு மாதிரியும் லேபிளோடு. படிவம் 8 (குடும்பத்தார் ஒப்புதல்), படிவம் 10 (மூளைச்சாவுச் சான்று) நகல்கள். பெட்டியை மூடுமுன் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லட்டும். கிளாம்ப் நேரத்தை ஓ.டி. சுவர்க் கடிகாரத்தில் மட்டும் பார்த்து எழுதுங்கள், ஆளுக்கொரு கைக்கடிகாரம் வேண்டாம்.